அறையை விட்டு வராத ரயில்

விருத்தாசலம்,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி மாணிக்கவேல் அவர்களின் சமூகத்துக்கு, கோதண்டபாணி கைகட்டி நின்று சொல்வதாக எண்ணி இதை வாசிக்கவும். கைகட்டிக்கொண்டு எழுத முடியாது என்பதால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கு நானும் என் மனைவி அமிர்தமும், அவளுடைய முழங்கால் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாள் ராஜாம்பாள் அவர்களும் மாப்பிள்ளை திலீபனும் எங்கள் மகள் கயல்விழியும் அவள் வயிற்றில் இருக்கிற பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிடுகிறோம். சேத்தியாத்தோப்புப் பக்கம் நல்ல மழை என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நடவுக்கு நல்லது, தங்கள் உரக்கடைக்கும் நல்லது.

போனில் சொல்லிவிடலாமே, இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் தாங்கள் "ம்" என்பீர்கள். நிச்சயதார்த்தத்திலிருந்து நான் கவனித்து வருகிறேன், தாங்கள் "ம்" என்று சொன்னபிறகு எனக்கு அடுத்த வார்த்தை வருவதில்லை. கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. நான் பாட்டுக்குச் சொல்லி முடித்துவிடலாம்.

விஷயம் இதுதான். அடுத்த வாரம் புதன்கிழமை வளைகாப்பு வைத்து, கயல்விழியை முதல் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதாகப் பேச்சு. அதைத் தாங்கள் பதினைந்து நாள் தள்ளிவைக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் வைக்க வேண்டியதை, வீட்டில் வெள்ளையடிக்கிறோம் என்று சொல்லி நான்தான் ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளினேன். தாங்களும் பெருந்தன்மையோடு "ம்" என்றீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை போனில், அமிர்தத்துக்கு முழங்கால் வலி என்று நான் மெல்ல ஆரம்பித்தபோது சம்பந்தி அம்மாள் போனை வாங்கி, "வூட்ல எடம் இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. எங்க மருமவள எங்களுக்குப் பாத்துக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அமிர்தம் கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேச வேண்டியதைத் தட்டிலும் டம்ளரிலும் சத்தமாகப் பேசுகிறாள். அவள் கோபம் நியாயம்தான். ஒன்பதாம் மாதமும் போய்விட்டால் அப்புறம் மாதம் ஏது? முதல் பிரசவத்துக்குப் பெற்றவர்கள் அழைத்துப் போகவில்லை என்ற பேச்சு என் பெண்ணுக்கு ஆயுசு முழுக்க நிற்கும். அந்தப் பேச்சு வரக் கூடாது என்றுதான் மானத்தை விட்டு இந்த உண்மையை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கவில்லை. ஏழாம் மாதத்திலும் அடிக்கவில்லை, அதற்கு முன்பும் பின்பும் அடிக்கவில்லை. அமிர்தத்தின் முழங்காலும் நன்றாகத்தான் இருக்கிறது. என்மேல் உள்ள கோபத்தில் மாடிப்படியை ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குகிறாள். இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் முழங்கால் நீங்கலாக என்று எழுதியது பழக்கதோஷம். உண்மைக் காரணம் என்னவென்றால், கயல்விழியின் அறையில் ஒரு ரயில் நிற்கிறது. அது வெளியே வரமாட்டேன் என்கிறது.

இதை யார் தொடங்கி வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் தங்கள் மகன்மேல் குறை சொன்னது போலாகிவிடும். பீங்கான் சூளையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து நான் ஓய்வு பெற்ற அன்று, மாப்பிள்ளை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். உள்ளே உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இன்ஜின், நாலு பெட்டி, வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளம். நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்காம். "ரிட்டயர்டு ஆனப்புறம் பொழுது போவணும்ல மாமா, சும்மா டேபிள் மேல வெச்சு ஓட்டுங்க" என்றார். நானும் சும்மாதான் ஓட்டினேன். நாலாம் நாள், ஒரே வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிற அந்த இன்ஜினைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் இருப்பது ஜங்ஷன். விழுப்புரம் ஒரு பக்கம், திருச்சி ஒரு பக்கம், சேலம் ஒரு பக்கம், கடலூர் ஒரு பக்கம் என்று நாலு திசைக்கும் தண்டவாளம் போகிற ஊரில் பிறந்துவிட்டு ஒரு வட்டத்தோடு திருப்திப்பட்டால் ஊர் சிரிக்காதா? விருத்தாசலம் ஜங்ஷனை அப்படியே வீட்டுக்குள் கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். கயல்விழி கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அறை காலியாகத்தான் இருந்தது.

குட்டி ரயில் கட்டுகிறவர்களுக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் கோயம்புத்தூர்ப் பல் டாக்டர் ஒருவர், நாகர்கோவில் பாதிரியார் ஒருவர், இன்னும் நாற்பது பேர். பாதிரியாரைத் தவிர எல்லாரும் மனைவியிடமிருந்து ஓர் அறையைப் பறித்துக்கொண்டவர்கள். அவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், "சார், அடிப்பலகைய ஒரே பலகையா போடாதீங்க. நாலு துண்டா செஞ்சு போல்ட்டு போட்டு முடுக்குங்க, வேணும்னா கழட்டிக்கலாம்" என்று. எனக்கா சொல்கிறார்கள்? சூளையில் முப்பத்தொரு வருடம் நான் பார்த்ததில், விரிசல் விட்டதெல்லாம் ஒட்டுப் போட்ட இடத்தில்தான். கப்பின் காது எங்கே கழன்று விழுகிறது? ஒட்டிய இடத்தில். டீப்பாட்டின் மூக்கு? அதுவும் அங்கேதான். ஒட்டுப் போட்ட எதையும் நம்பக் கூடாது என்று ஒரே பலகையாகச் செய்யச் சொல்லிவிட்டேன். பலகையை யாரும் சூளைக்குள் வைக்கப் போவதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தச்சர் மாயவனை அழைத்தேன். அவரும் பீங்கான் தொழிற்பேட்டையில் அச்சுக்கு மர மாதிரி செதுக்கிக்கொண்டிருந்தவர்தான். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு, தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. களிமண் காயும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும். எட்டு அங்குலத்துக்குப் பொம்மை வேண்டும் என்றால் அச்சை ஒன்பது அங்குலத்துக்குச் செய்ய வேண்டும். மீதி ஓர் அங்குலத்தை நெருப்பு தின்றுவிடும். எட்டுக்கு ஒன்பது என்பது எங்கள் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. தையற்கடையில் அளவு சொன்னாலும் அப்படித்தான் வாயில் வரும். கயல்விழி கல்யாணத்தில் நான் போட்டிருந்த ஜிப்பாவைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள்.

நான் அறையையும் நடையையும் அளந்து பார்த்துத்தான் ஆரம்பித்தேன். எட்டடி நீளம் ஐந்தடி அகலம் என்றால், வேண்டும்போது சாய்த்துத் திருப்பி நடை வழியாகக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். மாயவனிடம் எட்டுக்கு ஐந்து என்று சொன்னேன். "செரிங்க" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு வாரம் அறைக்குள்ளேயே உட்கார்ந்து இழைத்து முடித்தார். முடிந்தபிறகு டேப்பை வைத்துப் பார்த்தால் நீளம் ஒன்பதடி, அகலம் ஐந்தடி ஏழரை அங்குலம். "என்ன மாயவன் இது?" என்றேன். "எட்டுக்கு ஒம்பது போட்டுட்டேங்க" என்றார். "இது பிளைவுட்டுய்யா, இது எங்க சுருங்கப் போவுது?" என்றேன். அவர் பலகையைத் தடவிப் பார்த்தார். "அட, ஆமாங்க. இத்தினி வருசத்துல நான் செஞ்சது ஒண்ணுகூட செஞ்ச அளவுலயே நின்னதில்லீங்க. இதுதான் மொத தடவ" என்றார். அவர் முகத்தில் வருத்தம் மருந்துக்குக்கூட இல்லை, பெருமைதான் இருந்தது. அன்றைக்கே ஓரடியை அறுத்து எறிந்திருந்தால் இன்று இந்தக் கடிதமே கிடையாது. கூடுதலாகக் கிடைத்த ஓரடி சேலம் லைனுக்கு ஆகும் என்று எனக்கு ஒரு சபலம்.

அடுத்தது ஸ்டேஷன். அட்டையில் செய்யுங்கள் என்று குழுவில் சொன்னார்கள். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு அட்டையில் ஸ்டேஷன் கட்டினால் நாளைக்கு யார் என்னை மதிப்பார்கள்? தொழிற்பேட்டையில் கொலு பொம்மை செய்கிற வளர்மதியிடம் வரைபடத்தைக் கொடுத்தேன். அவள் கை தொட்டால் பொம்மைக்குக் கண் திறக்கும், அவ்வளவு நேர்த்தி. நான் தொழில் தெரிந்தவனல்லவா, எட்டுக்கு ஒன்பது போட்டே வரைந்து கொடுத்திருந்தேன். அவளும் தொழில் தெரிந்தவளல்லவா, அதன்மேல் தன் பங்குக்கு எட்டுக்கு ஒன்பது போட்டுவிட்டாள். ஸ்டேஷன் பளபளவென்று வந்தது. அதைப் பலகையில் வைத்தால் பிளாட்பாரம் தண்டவாளத்தின்மேல் ஏறி நிற்கிறது. ரயில் உள்ளே வரும்போதெல்லாம் மூன்றாவது பெட்டி அதில் தோளை இடித்துக்கொண்டு குப்புறச் சாய்ந்தது. "நான்தான் கூட்டிப் போட்டுக் குடுத்தேனேம்மா" என்றால், "கூட்டறது எங்க வேலங்க. நீங்க ஏன் கூட்டுனீங்க?" என்கிறாள். சரி, அடுத்த சாமான் செய்யும்போது கூட்டுவதை அவளிடமே விட்டுவிடலாம் என்று நான் இருந்தேன். இனிமேல் இவர் கூட்டித்தான் கொடுப்பார் என்று அவள் இருந்துவிட்டாள். அடுத்த சாமான் குகை.

விருத்தாசலத்தில் குகை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பெயரிலேயே, அசலம் என்று, மலை இருக்கிறது, ஊரில்தான் காணோம். சேலம் லைன் பின்பக்கம் வளைந்து திரும்புவதை மறைக்க எதையாவது வைக்க வேண்டியிருந்ததால், அந்தக் குறையை நானே தீர்த்துவைத்தேன். அச்சுக்குப் பயன்படுத்துகிற பிளாஸ்டரைச் சாக்கின்மேல் பூசி, இரண்டடி உயரத்துக்கு மலை. அதில் பதிக்க வளர்மதி சுட்டுக் கொடுத்த குகை வாசல், யாரும் கூட்டாததால், சூளையிலிருந்து சுருங்கி வந்தது. இன்ஜின் மூக்கை நுழைத்தது, அதோடு சரி. உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நாலு நாள் நின்றது. இப்படி ஒரு வழியாக ஐந்தாவது குகை பொருந்தியது. முதல் நாலு குகைகளையும் அமிர்தம் துளசி மாடத்தைச் சுற்றி வைத்திருக்கிறாள், பூனை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

இதற்கு நடுவில் பக்கத்துத் தெரு குருமூர்த்தி வந்து சேர்ந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து மணிக் காபிக்கு வந்தவர், ரயிலைப் பார்த்ததும் மறுநாள் வெள்ளைச் சட்டை, விசில், நோட்டோடு வேலைக்கே வந்துவிட்டார். நான் கன்ட்ரோலரைத் திருகினால் ரயில் போகும். அவர் திருக விடமாட்டார். "கடலூர் வண்டி இன்னும் வரலீங்க. கிராஸிங் ஆவாம இத எப்புடி எடுக்க முடியும்?" என்பார். "கடலூர் வண்டி இன்னும் வாங்கவே இல்லியே குருமூர்த்தி" என்றால், "அப்ப வாங்கற வரைக்கும் நிக்க வேண்டியதுதாங்க" என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த வகையில் என் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே சிக்னலில் பதினோரு நாள் நின்றது. உள்ளே பயணிகள் இருந்திருந்தால் இறங்கி நடந்தே போயிருப்பார்கள். ஒரு நாள் ஒரு பல்லி தண்டவாளத்தில் படுத்திருந்து வாலைப் பறிகொடுத்தது. குருமூர்த்தி அதைக் கால்நடை அடிபட்டதாகப் பதிவு செய்து, இரண்டு நாள் விசாரணை நடத்தி, ஓட்டிய என்மேல்தான் தவறு என்று தீர்ப்பெழுதிவிட்டார். அப்படிப்பட்ட மனிதர் நண்பராக வாய்த்தால் வெளிப்பகை எதற்கு?

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மனசு லேசாகட்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மண் மாதிரி தெரிய, வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்துச் சலித்து, கொஞ்சம் செங்கல் பொடி கலந்து தூவுவது எங்கள் வழக்கம். அதை ஒரு டப்பாவில் போட்டு அடுப்படி மேடையில் வைத்திருந்தேன். போன மாதம் தங்கள் தம்பி வந்திருந்தபோது அமிர்தம் கோயிலுக்குப் போயிருந்தாள், டீ போட்டுக் கொடுத்தது நான். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ புதுசா இருக்குதுங்களே, எந்தக் கடைங்க?" என்றார். மாயவரத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தாங்கள் அவரிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சம்பந்தி அம்மாள் போனை வைத்த கையோடு மாயவனையும் குருமூர்த்தியையும் வரவழைத்தேன். ரயிலை எடுத்து வைத்துவிட்டு, பலகையை மலையோடும் ஸ்டேஷனோடும் சாய்த்துத் தூக்கினோம். பிளாஸ்டர் மலை என்ன கனம் கனக்கும் என்பது அதைத் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். அறைக் கதவைத் தாண்டி நடைக்குள் பாதி வந்தது. அதற்குமேல் திரும்பவில்லை. ஒன்பதடி எப்படித் திரும்பும்? நான் உள்ளே மாட்டிக்கொண்டேன், மாயவன் வெளியே மாட்டிக்கொண்டார். குருமூர்த்தி தூக்குவதை விட்டுவிட்டு விசில் ஊதி, "பின்னாடி வாங்க, பின்னாடி வாங்க" என்று கையைக் காட்டினார். மறுபடி உள்ளேயே கொண்டுபோய் வைத்தோம். மாயவன் கதவு நிலையைத் தட்டிப் பார்த்து, "நெலைய பேத்து, செவுத்துல ஒரு ரெண்டடி ஒடச்சா தாராளமா போயிடுங்க" என்றார். கடப்பாரை எடுத்துவரக் கொல்லைப் பக்கம் போனார்.

அப்போதுதான் அமிர்தம் வாயைத் திறந்தாள். "புள்ளத்தாச்சி இருக்கற குடும்பத்துல நெலையில கைய வெப்பீங்களா? செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்க வுட மாட்டேன். புள்ள பொறக்கட்டும், அப்பறம் வூட்டையே இடிச்சுக்குங்க" என்று கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். இப்படிச் செய்யக் கூடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான், தங்கள் வீட்டிலும் அப்படித்தானே. ஆக நிலைமை என்னவென்றால், குழந்தை பிறந்தால்தான் சுவரை உடைக்கலாம். சுவரை உடைத்தால்தான் ரயில் வெளியே போகும். ரயில் போனால்தான் குழந்தை இங்கே பிறக்கலாம். இதைக் குருமூர்த்தியிடம் சொன்னேன். அவர் நோட்டை மூடிவிட்டு, "சிங்கிள் லைன்ல ரெண்டு வண்டியும் எதிரெதிரா நிக்குதுங்க. யாராவது ஒருத்தர் பின்வாங்கணும்" என்றார். நானே பின்வாங்குகிறேன்.

ஒரே வழிதான் இருக்கிறது, பலகையை நடுவில் அறுத்து இரண்டாக்குவது. பலகை வீட்டோடு சேர்ந்ததில்லை, அதை அறுக்கலாம் என்று அமிர்தமும் ஒரு டம்ளரை வைத்த சத்தத்தில் சம்மதித்துவிட்டாள். அறுப்பதற்கு எதற்குப் பதினைந்து நாள் என்றால், பலகைக்கு அடியில் நூற்றுக்கு மேல் ஒயர் போகிறது, எல்லாம் சிவப்பு. ஒரே சுருளாக வாங்கியதால் எது சிக்னலுக்கு, எது விளக்குக்கு என்று எனக்கே தெரியாது. ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழற்ற வேண்டும்.

இதுவும் முழு உண்மை இல்லை. நேற்று ரம்பத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தேன். அறுக்காமல் திருப்பி எடுத்து வைத்துவிட்டேன். தங்களிடம் மறைக்க எனக்கு இனி என்ன இருக்கிறது? கயல்விழி கல்யாணமாகி அங்கே வந்த பிறகு அந்த அறையில் விளக்குப் போடவே எனக்கு மனசு வரவில்லை. ஒரே பெண். அவள் அலமாரி காலி, கொடியில் ஒரு துணி இல்லை. அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். மாப்பிள்ளை கொடுத்த ரயிலை அங்கே கொண்டுபோய் வைத்தது, இடம் இருந்தது என்பதற்காக இல்லை. அந்த இடம் சும்மா இருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. எதையாவது வைத்து நிரப்பிவிட வேண்டும் என்று நிரப்பினேன், கொஞ்சம் அதிகமாகவே நிரப்பிவிட்டேன். இப்போது அவளே திரும்பி வருகிறாள், அவள் படுக்க இடமில்லை. எந்த அப்பனுக்காவது இப்படி ஒரு கதி வருமா?

ஆகையால் தாங்கள் மனமிரங்கிப் பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டுகிறேன். தர முடியாது என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும். அன்றைக்கே கண்ணை மூடிக்கொண்டு அறுத்துவிடுகிறேன், இந்த ஜன்மத்தில் இனி தண்டவாளத்தைத் தொட மாட்டேன் என்று எங்கள் ஊர்ப் பழமலைநாதர்மேல் ஆணையிடுகிறேன். அறை சுத்தமாக இருக்கும், கட்டில் போட்டிருக்கும், வெள்ளையும் அடித்திருக்கும்.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கத்தையும், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை சொன்னதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதையும் தெரிவிக்கவும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். அடுத்த முறை பரிசு தருவதாக இருந்தால் மடித்து வைக்கக்கூடியதாகத் தரச் சொல்லவும். கயல்விழி இரும்புச் சத்து மாத்திரையைத் தூர எறியாமல் விழுங்குகிறாளா என்று பார்த்துக்கொள்ளவும், அவள் எறிகிறவள். எல்லாரும் தீர்க்காயுசாக இருக்கவும், எனக்குப் பதினைந்து நாள் கிடைக்கவும் ஆண்டவன் அருள் புரியட்டும்.

தங்கள் தயவை எதிர்பார்க்கும்,
கோதண்டபாணி

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போட்டு இன்னும் கவரில்கூட வைக்கவில்லை, வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் தாங்கள். பின்னால் சம்பந்தி அம்மாள், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கயல்விழி. "வெள்ளையடிச்ச வூட்ட ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று சம்பந்தி அம்மாள் அமிர்தத்திடம் சொன்னது கேட்டதும், நான் இந்தக் காகிதத்தோடு அடுப்படிக்குள் வந்துவிட்டேன். அரிசி டின்னின்மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். தாங்கள் இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறீர்கள். எழுந்து வந்து நேரில் சொல்லலாம்தான், தாங்கள் "ம்" என்றுவிட்டால் என்ன செய்வது?

தாங்கள் ரயிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தது இங்கே கேட்டது. அப்புறம், வழக்கம்போல் காபிக்கு வந்திருந்த குருமூர்த்தியிடம், "இதுல சேத்தியாத்தோப்பு எங்க இருக்குது?" என்று கேட்டீர்கள். "அங்க லைனே கெடையாதுங்களே" என்றார் அவர். "லைன் இல்லன்னுதான் எனக்கே தெரியுமே. இருக்கறதப் பாக்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தேன்? இதுலயாச்சும் எங்க ஊருக்கு ஒரு ஸ்டேஷன் போடச் சொல்லுங்க" என்றீர்கள். சம்பந்தி, நாம் உறவான இந்த இரண்டு வருடத்தில் தாங்கள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தாங்கள் கேட்ட லைன் போட வேண்டுமென்றால் பலகை இன்னும் மூன்றடி நீள வேண்டும் என்பதை இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போதே கயல்விழி அடுப்படிக்கு வந்துவிட்டாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, நான் ஒளிப்பதற்குள் கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். "ஏம்ப்பா, நான் என்னிக்கு அந்த ரூம்ல படுத்தேன்?" என்றாள். "எப்பவும் கூடத்துல, ஃபேனுக்கு அடியில, அம்மா பக்கத்துலதானே படுப்பேன்? அந்த ரூம்ல தூங்குனது நீங்க. நைட் ஷிஃப்டு முடிஞ்சு வந்து பகலெல்லாம் கதவச் சாத்திக்கிட்டுத் தூங்குவீங்க. அப்பா தூங்கறாருன்னு நான் கொலுசக் கழட்டி வெச்சுட்டு நடப்பேன். இப்பவும் கூடத்துலயே படுத்துக்கறேன், ஒரு தட்டி வெச்சு மறைச்சாப் போதும்." அமிர்தம் பின்னால் நின்றுகொண்டு, "ரெண்டு மாசமா நானும் இதத்தான் சொல்ல வரேன், இவுரு எங்க காது குடுத்துக் கேட்டாரு" என்றாள்.

சம்பந்தி, பதினைந்து நாள் வேண்டாம். அடுத்த வாரம் புதன்கிழமையே வந்து அழைத்துக்கொள்கிறோம். அவள் படுக்கிற இடம் என்று மேலே நான் எழுதியிருப்பதையெல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும், எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. கூடத்தில் தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கும் ஒரு பாய் போடச் சொல்லியிருக்கிறேன்.